ஓட்டை விழுந்த தாளில் பேச்சியின் வயது

பழைய காகிதம் பார்க்க ஒரு பெண்பிள்ளை சென்னையிலிருந்து தனியாகக் கிளம்பி வருவாள் என்பதைப் பாலக்காட்டுக் கல்பாத்தியில் யாரும் நம்பவில்லை. ஏதோ வரன் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. குடையும் பையுமாக நான் நடக்க, ஒரு மாமி பக்கத்து வீட்டு மாமியிடம், "பையனாத்து அத்தையாக்கும்" என்று சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனாலும் பயணத்தின் முதல் நாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்தில். பதினெட்டு வருஷமாகப் பழைய தாள்களைத் தூசி தட்டி, கட்டு கட்டி, எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதுவதுதான் பிழைப்பு. குமிளிக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பாக்டரி மாடியில் கிடக்கும் பழைய காகிதங்களை எங்களிடம் ஒப்படைப்பதாகக் கம்பெனி கடிதம் போட்டிருந்தது. என் மேலதிகாரி கொடுத்த உத்தரவு சுருக்கமானது. வெள்ளைக்காரத் துரைகளின் கடிதம், நிலப் படம் இதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வா, சில்லறைக் காகிதத்தை அங்கேயே விட்டுவிடு. விட்டுவிட்டால் அதைத் தேயிலை காய வைக்கும் அடுப்பில் போட்டுவிடுவார்கள் என்பது கடிதத்திலேயே இருந்தது.

அந்தக் காகிதங்களை முப்பத்தைந்து வருஷம் கட்டி ஆண்ட குமாஸ்தா சுப்பராமன், ஓய்வு பெற்று இப்போது கல்பாத்தியில் இருந்தார். எண்பது வயது. காது மந்தம், நாக்கு கூர்மை. முதலில் சாப்பிடச் சொன்னார். சிவப்பரிசிச் சாதமும் மொளகூட்டலும் இஞ்சித் துவையலும். மிளகாயை எண்ணெயில் தாளித்துக் கொட்டினால்தான் சாப்பாடு என்று நினைக்கிற ஊரிலிருந்து போனவள் நான். பருப்பும் தேங்காயும் வெறும் சீரகமுமாக ஒரு குழம்பு இவ்வளவு ருசிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன். வரன் விசாரிக்க வந்த அத்தை அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

சாப்பிட்ட பிறகு அவர் தன் முறையை விளக்கினார். வருஷத்துக்கு ஒரு கட்டு. கட்டுக்குள் மாதத்துக்கு ஒரு மழை அளவுத் தாள். அந்த மாதத்தில் வந்த மற்ற காகிதம் எல்லாம் அதன் மேல். குண்டூசி கிடையாது, மலை ஈரத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். டிஸ்பென்சரி கம்பவுண்டர் சோம்பேறி, எந்தத் தாளிலும் தேதி போட மாட்டான். அதற்காக இவர் அவனோடு சண்டை போடவும் இல்லை. வந்த மாதத்தின் மழைத்தாள் மேல் அதை வைத்துவிடுவார்.

"கடுதாசு இருக்கற எடந்தான் அதுக்குத் தேதி, கேட்டேளா," என்றார்.

என் தொழிலில் இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல வாக்கியம் நான் கேட்டதில்லை. உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பயணம். பாலக்காட்டு வெயிலிலிருந்து குமிளிக் குளிருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எழுத உட்கார்ந்தால் அதற்கே தனிப் புத்தகம் வேண்டும். கடைசிக் கட்டத்தை மட்டும் சொல்கிறேன். தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ஆனைக்கரை வரை போகும் ஜீப்பில் மனிதர்களை விட ஏலக்காய் மூட்டைகள் அதிகம். என்னை ஒரு மூட்டையின் மேல் உட்கார வைத்தார்கள். சென்னையில் பாயசத்துக்கு நாலு ஏலக்காயைப் பொட்டலம் கட்டி வாங்குகிறவள், அங்கே ஏலக்காய் மேலேயே ஆசனம் போட்டுப் போனேன். என் சேலையிலிருந்து அந்த வாசனை மூன்று நாள் போகவில்லை.

வழியில் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். ஆபீசர் அம்மா உட்காரட்டும் என்று டிரைவர் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்து, நானும் இறங்கித் தள்ளினேன். முழங்கால் வரை சேறு. மழையைத் திட்டிய ஒரு வியாபாரியிடம் இன்னொருவர் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது. மழையைத் திட்டாதே, அது பெய்யாவிட்டால் உனக்கு ஜீப்பில் ஏற்ற மூட்டை ஏது என்றார். எங்கள் ஊரில் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது இந்த மனுஷரைக் கூட்டிப்போய்ப் பேச வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பாக்டரி மாடி ஏறினேன். கதவைத் திறந்த பாக்டரி கிளார்க் தாமஸ்குட்டி முகமெல்லாம் சிரிப்பு. முப்பது வயதிருக்கும். அறை கண்ணாடி மாதிரி இருந்தது. தரை கழுவியிருந்தது. மேஜை மேல் ஒரு டம்ளரில் பூ. சுவரோரம் காகிதங்கள் புதுச் சணல் கட்டில், பெரிய தாள் எல்லாம் ஓர் அடுக்கு, நடுத்தரம் ஓர் அடுக்கு, சின்னத் தாள் ஓர் அடுக்கு என்று அளவுவாரியாக அடுக்கியிருந்தன. சென்னையிலிருந்து ஆபீசர் வருகிறார் என்று நாலு நாள் உட்கார்ந்து, அழுக்குத் துணிக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, அவரே அழகுபடுத்தினாராம்.

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது திட்டாகத்தான் வெளியே வரும். படுபாவி, குடியைக் கெடுத்தாயே என்று ஆரம்பித்து நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பாவம், அந்த மனுஷர் ஒன்றும் புரியாமல் நின்றார். பூ பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

கொஞ்சம் ஆறிய பிறகு விளக்கிச் சொன்னேன். உன் வீட்டு அடுக்களையில் டப்பாவுக்கெல்லாம் பேர் ஒட்டியா வைத்திருக்கிறாள் உன் பெண்டாட்டி? இருக்கிற இடத்தை வைத்துத்தானே உப்பையும் சோடாமாவையும் அவள் அடையாளம் கண்டுபிடிக்கிறாள்? யாரோ ஒரு விருந்தாளி வந்து எல்லாவற்றையும் உயரப்படி அடுக்கி வைத்தால் அன்றைக்குச் சமையல் என்னவாகும்? தாமஸ்குட்டியின் முகம் வெளுத்துவிட்டது. அவர் இறங்கிப் போய்ப் பால் விடாத கட்டன்காப்பியோடு வந்தார். அந்தக் காப்பியை நான் குடித்தேன் என்றால், அது மன்னித்ததாக அர்த்தமில்லை, குளிர் அப்படி.

அன்று சாயங்காலம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஒரு பெண் மாடிப்படியில் வந்து நின்றாள். தலையில் கட்டிய துணி, இடுப்பில் சாக்குப் படுதா, கையெல்லாம் கறை. பேர் பேச்சி. ஏழாம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் ஏழாவதில் இருக்கிறாள். புருஷன் இல்லை. மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அவளோடுதான். வீட்டில் தோட்ட வேலை இருப்பது அவளுக்கு மட்டும்.

"பழைய தாளெல்லாம் பாக்க வந்திருக்கது நீங்கதானாம்மா?" என்றாள். "எனக்கு அம்பத்தெட்டு ஆயிருச்சுன்னு சொல்லுதாக. திங்கக்கிழமை லேபர் ஆபீசர் வாராரு. அவரும் ஆமான்னுட்டா வேலை நின்னுரும், லயத்தை விட்டு எறங்கணும். எனக்கு அம்பதுதாம்மா ஆகுது."

கதையைக் கேட்டேன். பத்து வயதில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். சின்னப் பிள்ளை என்று எழுதினால் அரைக்கூலி. அவள் அப்பா கருப்பனே கங்காணியைக் கெஞ்சிப் பதினெட்டு என்று எழுத வைத்திருக்கிறார். பிள்ளை ஒரே நாளில் பெரியவள் ஆகிவிட்டாள் என்று வீட்டில் பாயசம் வைத்தார்களாம். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் வயது அப்படி எழுதியதுதான். நாற்பது வருஷம் கழித்து அந்த எட்டு வயது திரும்பி வந்து வீட்டைக் கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

இது என் வேலையில்லை என்றுதான் முதலில் சொன்னேன். நான் காகிதத்துக்கு வந்தவள், பஞ்சாயத்துக்கு வந்தவள் இல்லை. அவள் வாதாடவில்லை. வலது கையை நீட்டி, தோளுக்குக் கீழே இருந்த அம்மை குத்திய தழும்பைக் காட்டினாள்.

"கைப்பிள்ளையா இருக்கையில கம்பவுண்டர் குத்துனது. பேரு எழுதிட்டுத்தான் குத்துவாகன்னு எங்காத்தா சொல்லும். அந்தத் தாளு இங்கனதான கெடக்கணும்?"

இதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் காப்பகத்துக்கு வந்து போகிற ஆராய்ச்சிக்காரர்கள் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இப்படிச் சரியாகக் கேட்கத் தெரியாது. எந்தத் தாள், யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று எல்லாம் அவள் வாயிலேயே இருந்தது. பார்க்கிறேன் போ என்றேன்.

சனிக்கிழமை முழுக்கச் சின்னத் தாள் அடுக்கைப் புரட்டினோம். தாமஸ்குட்டி நாள் முழுவதும் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து கப்பைக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் வந்தது. கல்பாத்தியில் தவற விட்ட மிளகாயையெல்லாம் அந்தக் குழம்பில் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்ட, இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவரை மன்னித்தது அந்தச் சாப்பாட்டுக்கு நடுவில்தான்.

மூன்று மணிக்குத் தாள் கிடைத்துவிட்டது. அரைத்தாள், ஆங்கிலக் கையெழுத்து. அம்மை குத்திய குழந்தைகளின் பட்டியல். ஒன்பதாவது பேர்: பேச்சி, ஏழாம் லயம், கருப்பன் மாரியாயி குழந்தை, மூன்று மாதம், வலது கை. நான் துள்ளிக் குதித்தேன். குதித்து இறங்குவதற்குள் மனம் சுருங்கிவிட்டது. தாளில் தேதி இல்லை. மூன்று மாதக் குழந்தைதான், ஆனால் எந்த வருஷத்து மூன்று மாதம்? அதைச் சொல்ல வேண்டிய மழைத்தாள், பெரிய தாள் அடுக்கில் எங்கோ இருந்தது. இரண்டையும் பிரித்த புண்ணியவான் என் எதிரே உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகாமல் தாமஸ்குட்டி எட்டு மணிக்கே வந்துவிட்டார். கர்த்தரிடம் பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்றார். கையெழுத்தை ஒப்பிட்டோம், பயனில்லை. அந்தக் கம்பவுண்டர் பதினைந்து வருஷமும் ஒரே மாதிரி கிறுக்கியிருந்தான். மையைப் பார்த்தோம். தாளின் ரகத்தைப் பார்த்தோம். பதினொரு மணிக்கு எனக்குத் தலைவலி வந்தது. பேச்சி ஒரு தடவை வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் தாமஸ்குட்டி பேச்சியின் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஐயோ மேடம், இதைப் பூச்சி அரித்திருக்கிறது, இதையா ஆபீசரிடம் கொடுப்பது என்று வருத்தப்பட்டார். நிமிர்ந்து பார்த்தேன். தாளில் ஏழு ஓட்டை. ராமபாணப் பூச்சி துளைத்தது. என் ஜன்மப் பகையாளி அது. பதினெட்டு வருஷமாக மருந்து தெளித்து அதைக் கொன்றுகொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கையெடுத்துக் கும்பிட வேண்டியிருந்தது.

அது ஒரு தாளோடு நிற்காதே! கட்டுக்குள் மேலிருந்து கீழே துளைத்துக்கொண்டே போகும். பேச்சியின் தாளில் ஏழு ஓட்டை என்றால், அதன் அடியில் இருந்த மழைத்தாளிலும் அதே இடத்தில் அதே ஏழு ஓட்டை இருந்தாக வேண்டும்.

மழைத்தாள் ஒவ்வொன்றையும் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் அரைத்தாளை நகர்த்திப் பார்த்தோம். ஒரு ஓட்டை பொருந்தும், அடுத்தது பொருந்தாது. மூன்று பொருந்தும், நாலாவது சதி செய்யும். கை வலித்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. மூன்று மணி வாக்கில் ஒரு செப்டம்பர் மாதத்துத் தாள் வந்தது. முப்பது நாளில் மழை பெய்யாதது நாலே நாள். அரைத்தாளை வைத்து நகர்த்தினேன். ஏழு ஓட்டையிலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது. அது மட்டுமில்லை. பழுப்பேறிய அந்த மழைத்தாளின் நடுவே, அரைத்தாள் அளவுக்கு ஒரு கட்டம் மட்டும் வெளுப்பாக இருந்தது. ஐம்பது வருஷம் இரண்டும் ஒட்டிக் கிடந்த அடையாளம்.

வருஷத்தைப் பார்த்தேன். ஐம்பது வருஷத்துக்கு முந்தையது. அப்படியென்றால் பேச்சிக்கு இப்போது ஐம்பது வயது, மூன்று மாதம். தாமஸ்குட்டியின் முதுகில் நான் அடித்த அடியில் அவர் இருமிவிட்டார்.

ஆனால் ஒன்று பொருந்தினால் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். ஆதாரம் என்று சொல்ல வேண்டுமானால் இன்னும் வேண்டும். இருட்டுவதற்குள் கம்பவுண்டரின் வேறு பத்துத் தாள்களுக்கும் ஜோடி கண்டுபிடித்தோம். எந்தத் தாளை எந்த அடுக்கில் எடுத்தேன், எதோடு சேர்ந்தது, எத்தனை ஓட்டை என்று எல்லாவற்றையும் பட்டியலில் எழுதினேன். தாமஸ்குட்டி கலைத்ததையும் எழுதினேன். எழுதத்தான் வேண்டுமா என்று அவர் கேட்டார். எழுதாவிட்டால் நாளைக்கு என்னை நம்ப மாட்டார்கள் என்றேன். சரி, எழுத்துப்பிழை இல்லாமல் என் பேரை எழுதுங்கள் என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கீழே தோட்டத்து ஆபீசுக்கு லேபர் ஆபீசர் வந்தார். கோட்டயத்துப் பக்கத்து மனிதர், சிக்கனமாகப் பேசுகிறவர். தோட்டத்து மேனேஜர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பேர்ப்பதிவுப் புத்தகத்தைத் திறந்து பதினெட்டு என்ற எழுத்தைக் காட்டினார். என் அரைத்தாளைப் பார்த்ததும், தேதி இல்லாத காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். தான் பிறந்த வருஷத்தைக்கூட யாரும் இப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரலாமே என்றார். பேச்சி கதவோரம் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கூடைகளோடு ஒரு கூட்டம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையில் துருப்புச்சீட்டு இருக்கும்போது கோபம் எதற்கு? சுப்பராமனின் முறையைச் சொன்னேன். பிறகு, என் கையால் நான் பொருத்த மாட்டேன், நீங்களே பொருத்திப் பாருங்கள் என்று அரைத்தாளை மேனேஜரிடமே கொடுத்தேன். லேபர் ஆபீசருக்கு அது பிடித்துவிட்டது. பேர்ப்பதிவு சொல்வது நிஜமானால் இந்தப் பட்டியல் எட்டு வருஷம் முந்தைய கட்டில் இருந்திருக்க வேண்டும், முதலில் அந்த வருஷத்து மழைத்தாள்களில் பாருங்கள் என்றார்.

மேனேஜர் ஜன்னலோரம் போனார். பன்னிரண்டு தாள். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். ஒன்றிலும் பொருந்தவில்லை. அடுத்து நான் சொன்ன வருஷத்துப் பன்னிரண்டு தாளையும் கலைத்துக் கொடுத்தேன். ஐந்தாவதாக அவர் கையில் செப்டம்பர் வந்தது. வைத்தார், கொஞ்சம் நகர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஏழு வெளிச்சப் புள்ளி விழுந்திருந்தது. வெளியே நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் தாளும் கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று கடைசியாக ஒன்று கேட்டார். பொருந்தத்தான் செய்யும், அது பக்கத்துத் தாள், பூச்சி அதையும் துளைத்துத்தான் போனது என்றேன். லேபர் ஆபீசர் முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு மாதம் முன்னே பின்னே போகட்டும், உங்கள் புத்தகம் எட்டு வருஷம் தள்ளியல்லவா இருக்கிறது என்றார்.

மேனேஜரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோற்றதும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பொருந்துகிறது என்று சத்தமாகச் சொன்னார். பேனாவை எடுத்து, பதினெட்டை அடித்து, பத்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். லேபர் ஆபீசரும் போட்டார். மாடியில் இருக்கிற ஒரு தாளும் அடுப்புக்குப் போகாது என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். நல்லதைப் பொறுக்கி வா என்ற என் மேலதிகாரிக்கு எழுதவேண்டிய பதிலை அந்த நிமிஷமே மனத்துக்குள் எழுதிவிட்டேன். சில்லறைக் காகிதம் என்று இங்கே எதுவும் இல்லை, முழுவதையும் பட்டியலிட இன்னும் இரண்டு வாரம் வேண்டும்.

பேச்சியிடம் ஐம்பது என்று சொன்னேன். அவள் அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்து, உதறி, இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லிவிட்டு ஓய்வெடுத்துக்கொள், நாளை வரலாம் என்று மேனேஜர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"இன்னும் எட்டு வருசம் வேலை கெடக்குதுங்கய்யா," என்றாள் பேச்சி. "மொத நாளே லீவு போட்டா நல்லாவா இருக்கும்?"

கூடையை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு மணி எடைக்கு முன்னால் தேயிலைக் காட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஏறக்குறைய ஓடினாள். ஐம்பது வயதுக்காரி ஓடுகிற ஓட்டம்தான் அது. அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நான் மாடிக்குத் திரும்பினேன். படியில் கால் வைக்க இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் எல்லாரும் எனக்கு முன்னால் அங்கே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஏற்கெனவே வலது கைச் சட்டையைச் சுருட்டி விட்டிருந்தார்கள். தாமஸ்குட்டி சின்னத் தாள் அடுக்கை மேஜைக்குக் கொண்டுவந்தார். நான் பேனாவைத் திறந்துகொண்டு, முதலில் இருந்தவளிடம் அவள் அம்மா பேர் என்ன என்று கேட்டேன்.